ஆபரேஷனுக்கு முன் குழந்தைக்குத் தரும் பயம் தணிக்கும் மருந்து: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குடலிறக்கம், டான்சில், சுன்னத், பல் சிகிச்சை என்று எதற்காக வந்தாலும், ஆபரேஷன் தியேட்டருக்குள் போவதற்கு அரை மணி நேரம் முன்னதாக சில குழந்தைகளுக்கு வாய்வழியாக ஒரு மருந்து கொடுப்பார்கள். அதைப் பற்றிப் பெற்றோர் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை. கீழே வரும் அளவுகள் டாக்டர் என்ன செய்கிறார் என்று நீங்கள் புரிந்துகொள்வதற்காகத் தரப்படுகின்றன. வீட்டில் கொடுத்துப் பார்ப்பதற்கு அல்ல.

எப்படியும் மயக்க மருந்து கொடுக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் இன்னொரு மருந்து எதற்கு?

இது தூங்க வைக்கும் மருந்து என்று பலர் நினைக்கிறார்கள். குழந்தை அழாமல் அம்மா கையிலிருந்து நர்ஸ் கைக்குப் போக வேண்டும், முகத்தில் மாஸ்க் வைக்கும்போது மிரளாமல் இருக்க வேண்டும். இந்த மருந்தின் வேலை அவ்வளவுதான். கண் திறந்திருக்கும், கேட்டால் பதில் சொல்லும், ஆனால் பயம் மட்டும் தள்ளி நிற்கும். அந்த நிலைதான் வேண்டும்.

அழுதால் என்ன, இரண்டு நிமிடத்தில் தூங்கிவிடுமே என்ற கேள்வியும் வரும். வீறிட்டு அழும் குழந்தைக்கு எச்சில், சளி கூடுகிறது. மூச்சை அடக்கி அடக்கி விடுவதால் மயக்க வாயு சீராக உள்ளே போவதில்லை. குரல்வளை இறுகிக்கொள்ளும் வாய்ப்பும் கூடுகிறது. நான்கு பேர் பிடித்து அமுக்கி மாஸ்க் வைத்த அனுபவம் அன்றோடு முடிவதும் இல்லை. வீட்டுக்குப் போன பிறகு இரவில் அலறி எழுவது, விட்டுப்போன படுக்கை நனைத்தல் திரும்ப வருவது, அம்மா குளிக்கப் போனால்கூட அழுவது என்று சில வாரங்கள் தொடரலாம். அடுத்த முறை வெள்ளை கோட்டைப் பார்த்தாலே ஓடும்.

எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுப்பார்களா?

இல்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை யார் தூக்கினாலும் பெரும்பாலும் போய்விடும். அதற்கு இது தேவைப்படாது. முகம் பார்த்து ஆள் தெரிந்து, புது ஆளைக் கண்டு அழத் தொடங்கும் 7, 8 மாதத்துக்குப் பிறகுதான் இந்தக் கேள்வியே வருகிறது. ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ளவர்களுக்கு மிகவும் பயன்படுகிறது. அந்த வயதில் பிரிவு புரியும், காரணம் புரியாது. அதற்கு மேல் வயதுள்ள குழந்தையிடம் பேசிப் பார்த்து முடிவு செய்யலாம். முன்பு ஒரு ஆபரேஷனில் மிகவும் பயந்த குழந்தைக்கும், ஆட்டிசம் உள்ள குழந்தைக்கும் வயது எதுவானாலும் டாக்டர் இதை யோசிப்பார். அப்படி ஏதாவது இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

என்ன மருந்து அது? எவ்வளவு கொடுப்பார்கள்?

உலகம் முழுவதும் அதிகம் பயன்படுவது மிடாசோலம். கிலோவுக்கு 0.5 மி.கி. என்பது வழக்கமான கணக்கு. எடை கூடிய பிள்ளையாக இருந்தாலும் 15 அல்லது 20 மி.கி.யோடு நிறுத்திவிடுவார்கள். 14 கிலோ குழந்தைக்கு 7 மி.கி. வேண்டும். மி.லி.க்கு 2 மி.கி. உள்ள சிரப்பாக இருந்தால் அது 3.5 மி.லி.

சிரப் கிடைக்காத இடத்தில் ஊசி மருந்தையே இனிப்பில் கலந்து வாயில் கொடுப்பார்கள். ஊசி மருந்தை வாயில் கொடுக்கிறார்களே என்று பதற வேண்டாம். இது பழகிய முறைதான். கவனம் வேண்டியது வேறு இடத்தில். மிடாசோலம் ஊசி மி.லி.க்கு 1 மி.கி. என்றும் வருகிறது, 5 மி.கி. என்றும் வருகிறது. அதே 7 மி.கி. ஒன்றில் 7 மி.லி., மற்றொன்றில் 1.4 மி.லி. குப்பியைப் பார்க்காமல் மி.லி.யை மட்டும் மனதில் வைத்து உறிஞ்சினால் ஐந்து மடங்கு போய்விடும். அதனால்தான் இரண்டு பேர் குப்பியைச் சரிபார்க்கிறார்கள், அன்று காலையிலேயே எடையும் பார்க்கிறார்கள். "போன மாசம் பார்த்தோம், 15 கிலோ" என்று சொல்லி எடை பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள்.

வாயில் கொடுக்கும் மிடாசோலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரத்தத்தில் சேர்கிறது. மீதியைக் குடலும் கல்லீரலும் வழியிலேயே சிதைத்துவிடுகின்றன. அதை ஈடுகட்டித்தான் வாய்வழி அளவு பெரிதாக இருக்கிறது. இதே அளவு தவறுதலாக ரத்தக்குழாயில் ஏறினால் மூச்சே நின்றுவிடலாம். ஆகவே வாய் மருந்தை ஊசி மாட்ட முடியாத வாய்வழி சிரிஞ்சில்தான் எடுக்க வேண்டும். மேலே "வாய்க்கு மட்டும்" என்று எழுதி ஒட்ட வேண்டும். ஏற்கெனவே கையில் ட்ரிப் ஊசி இருக்கும் குழந்தையிடம் இது இன்னும் முக்கியம்.

ரொம்பக் கசக்குமாமே? எப்படிக் குடிக்க வைப்பது?

கசக்கும். இனிப்பில் கலந்தாலும் நாக்கின் பின்பக்கம் கசப்பு தங்கும். மிடாசோலம் அமிலத்தில்தான் நன்றாகக் கரைகிறது என்பதால் ஊசி மருந்தைப் புளிப்புக் கரைசலாகவே தயாரிக்கிறார்கள். கசப்போடு அந்தப் புளிப்பும் சேர்ந்துகொள்கிறது. சர்க்கரைப் பாகு, பழச்சுவை சிரப், வலி தணிக்க எப்படியும் கொடுக்க வேண்டிய பாராசிட்டமால் சிரப் ஆகியவற்றில் ஒன்றில் கலப்பார்கள். தேனும் பயன்படுத்துவார்கள், ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி அந்த வயதுக் குடலில் நச்சை உண்டாக்கும். கிரேப்ஃப்ரூட் என்னும் பம்பளிமாஸ் வகைப் பழச்சாறும் வேண்டாம். மருந்து சிதைவதைத் தடுத்து ரத்தத்தில் அளவை ஏற்றிவிடும்.

கொடுக்கும் ஆள் யார் என்பது மருந்துக்கு நிகராக முக்கியம். அம்மாவோ அப்பாவோ பாட்டியோ, குழந்தை யாரிடம் வழக்கமாக மருந்து குடிக்குமோ அவரே கொடுக்கட்டும். மடியில் நிமிர்த்தி உட்கார வையுங்கள். படுக்க வைத்துக் கொடுக்கக் கூடாது. சிரிஞ்சின் நுனியைக் கன்னத்துக்கும் கடைவாய்க்கும் நடுவே வைத்து அரை மி.லி., அரை மி.லி.யாக விடுங்கள். விழுங்குவதைப் பார்த்த பிறகு அடுத்தது. தொண்டைக்கு நேராகப் பீய்ச்சினால் புரையேறும், இல்லாவிட்டால் மொத்தமும் வெளியே வரும். மூக்கைப் பிடித்து ஊற்றும் பழக்கம் இங்கே ஆகவே ஆகாது.

வாயே திறக்க மறுக்கும் குழந்தையோடு மல்லுக்கட்ட வேண்டாம். பயத்தைத் தணிக்க வந்த மருந்தே பயமாக மாறிவிடும். நர்ஸிடம் சொல்லுங்கள், வேறு வழி இருக்கிறது.

வெறும் வயிற்றில் இருக்கச் சொல்லிவிட்டு மருந்து குடிக்கச் சொல்கிறார்களே?

சில மி.லி. மருந்து ஒன்றும் செய்யாது. வயிற்றில் இருக்கக் கூடாதது உணவும் பாலும். திட உணவுக்கும் மாட்டுப்பாலுக்கும் பவுடர் பாலுக்கும் 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், தண்ணீருக்கு 2 மணி நேரம் என்பது பல இடங்களில் பின்பற்றும் கணக்கு. தண்ணீருக்கு 1 மணி நேரமே போதும் என்று பல மருத்துவமனைகள் இப்போது தளர்த்தியிருக்கின்றன. உங்கள் டாக்டர் சொன்ன நேரமே உங்களுக்குச் சட்டம். கஞ்சி, மோர், பால் கலந்த டீ எல்லாம் உணவுக் கணக்கில்தான் சேரும். "ஒரே ஒரு பிஸ்கட்" கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் திட்டுவதற்காகக் கேட்கவில்லை. அந்த பிஸ்கட் மயக்கத்தில் நுரையீரலுக்குள் போய்விடும் என்ற கவலையில் கேட்கிறார்கள்.

பாதியைத் துப்பிவிட்டது. இன்னொரு முறை கொடுக்கலாமா?

நீங்களாகக் கொடுக்காதீர்கள். எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. முழு அளவு மறுபடியும் போனால் இரட்டிப்பாகிவிடும். துப்பிய நேரத்தையும், சட்டையில் எவ்வளவு நனைந்தது என்பதையும் சொல்லுங்கள். பெரும்பாலும் 20 நிமிடம் பொறுத்து, குழந்தையின் நிலையைப் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் முடிவெடுப்பார். வாந்தி எடுத்தாலும் அப்படியே.

கொடுத்த பிறகு குழந்தை எப்படி இருக்கும்?

முதல் 10 நிமிடம் ஒன்றும் தெரியாது. "மருந்து வேலை செய்யவில்லை" என்று பலர் சொல்வது இந்த நேரத்தில்தான். பிறகு பேச்சு கொஞ்சம் குழறும். காரணமில்லாமல் சிரிக்கும். விக்கல் வரலாம். மூக்கைத் தேய்க்கும், கழுத்து நிற்காமல் தலை உங்கள் தோளில் சாயும், கையில் பிடித்திருந்த பொம்மை நழுவும், அதை எடுக்கவும் தோன்றாது. 20 முதல் 30 நிமிடத்துக்குள் இந்த நிலை நன்றாகக் கூடிவரும். தியேட்டருக்குக் கொண்டுபோக ஏற்ற நேரம் அது. முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு மெல்லத் தெளியத் தொடங்கும்.

இந்த நேரத்தில் குழந்தைக்குத் தான் தள்ளாடுவது தெரியாது. கட்டிலிலிருந்து இறங்கி ஓடப் பார்க்கும், விழும். மருந்து குடித்த பிறகு ஒரு அடிகூட நடக்க விடாதீர்கள். பாத்ரூமுக்கும் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஆகவே சிறுநீர் கழிக்க வைப்பது, உடை மாற்றுவது, கொலுசு, வளையல், அரைஞாண், கழுத்துக் கயிறு கழற்றுவது எல்லாவற்றையும் மருந்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். நகப்பூச்சையும் முந்தின நாளே அழித்துவிடுங்கள். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் நகத்தின் வழியாகத்தான் ஒளியைச் செலுத்தி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் படிக்கிறது. மருந்துக்குப் பிறகு விளக்கைக் குறைத்து, டிவியை நிறுத்தி, மெதுவாகப் பேசுங்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு முறை கன்னத்தைக் கிள்ளி எழுப்பினால் மருந்தின் பலன் போய்விடும்.

அந்த நேரத்தில் யார் பார்த்துக்கொள்வார்கள்?

ஒரு நர்ஸாவது கண்ணெதிரே இருக்க வேண்டும். விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர், கைக்கெட்டும் தூரத்தில் ஆக்சிஜன், சளி உறிஞ்சும் கருவி, குழந்தை அளவு மாஸ்க்கும், கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் அம்பு பையும் (Ambu bag) இருக்க வேண்டும். சொன்ன அளவில் கொடுக்கும் மிடாசோலம் மட்டும் ஆரோக்கியமான குழந்தையின் மூச்சைப் பெரிதாகக் குறைப்பதில்லை. ஆனாலும் கழுத்து மடங்கிக் கிடந்தால் மூச்சுப்பாதை அடைபடும். தாடை நெஞ்சில் படாமல் தலையைச் சற்று நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். குறட்டை வந்தாலோ உதடு நிறம் மாறினாலோ உடனே கூப்பிடுங்கள். அளவு மீறிய விளைவு வந்தால் ஃபுளூமாஜெனில் என்ற மாற்று மருந்தை ரத்தக்குழாயில் செலுத்தித் திருப்பலாம். இந்த ஏற்பாடுகள் இருக்கின்றனவா என்று கேட்பது உங்கள் உரிமை.

தியேட்டர் தாமதமாகிவிட்டால்?

இந்த மருந்து வீணாவதற்கு முதல் காரணமே இதுதான். முந்தைய ஆபரேஷன் எதிர்பாராமல் நீண்டுவிடும். 9 மணிக்குக் கொடுத்த மருந்து 10:15க்குத் தெளிந்துவிடும். அப்போது குழந்தை முதலில் இருந்ததைவிடச் சிடுசிடுப்பாக இருக்கும். நிதானம் குறைந்திருக்கும், பசியும் சேர்ந்திருக்கும். மறுமுனையும் உண்டு: கொடுத்த 5 நிமிடத்தில் "தியேட்டர் ரெடி, கொண்டு வாங்க" என்று அவசரப்படுத்துவது. இரண்டிலும் குழந்தை அழுதுகொண்டேதான் உள்ளே போகும். நேரக் கணக்கைப் பார்த்து மருந்து கொடுப்பதைவிட, முந்தைய நோயாளிக்குத் தையல் போடத் தொடங்கியதும் தியேட்டரிலிருந்து வார்டுக்குப் போன் வந்த பிறகு கொடுப்பதே நல்லது. "இப்போது கொடுத்தால் எத்தனை நிமிடத்தில் உள்ளே போவோம்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அமைதியாவதற்குப் பதில் ஆவேசமாகிவிட்டது. ஏன்?

சில குழந்தைகளுக்கு மிடாசோலம் எதிர்மாறாக வேலை செய்யும். திமிறும், கடிக்கும், சமாதானமே ஆகாது. குழந்தையின் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். மருந்து மூளையின் தடுப்புகளைத் தளர்த்துவதால் வருவது. மேலும் மிடாசோலம் கொடுத்தால் இன்னும் கூடலாம் என்பதால் டாக்டர் வேறு மருந்துக்கு மாறுவார் அல்லது ஃபுளூமாஜெனில் கொடுப்பார். இதைக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை வேறு ஊரில் ஆபரேஷன் என்றாலும் அந்த ஒரு வரி உதவும்.

யாருக்குக் கொடுக்கக் கூடாது?

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் குழந்தைக்குப் பொதுவாகத் தவிர்ப்பார்கள், கொடுத்தாலும் அளவைக் குறைத்து, கண்காணிப்பைக் கூட்டித்தான். டான்சில், அடினாய்டு (மூக்கின் பின்புறச் சதை) ஆபரேஷனுக்கு வரும் குழந்தைகளில் இது அடிக்கடி உண்டு. "எங்க வீட்டுல எல்லாரும் குறட்டைதான்" என்று விட்டுவிடாமல், இரவில் வாய் திறந்து தூங்குகிறதா, மூச்சு நின்று பிறகு திடுக்கென இழுக்கிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள். செல்போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்துக் காட்டினால் இன்னும் நல்லது. தலையில் அடிபட்டோ கட்டியாலோ மூளை அழுத்தம் கூடிய குழந்தை, வயிறு நிறைந்திருக்கும் அவசர ஆபரேஷன், முகம், தாடை அமைப்பால் மூச்சுக்குழாய் போடக் கடினமான குழந்தை, தசை பலவீன நோய், கடுமையான கல்லீரல் நோய், நெஞ்சுச் சளி ஆகியவற்றிலும் டாக்டர் தயங்குவார்.

வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளைச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமாசெபின், ஃபீனோபார்பிட்டோன் சாப்பிடும் குழந்தையின் கல்லீரல் மிடாசோலத்தை வேகமாகச் சிதைத்துவிடும், மருந்து பிடிக்காது. கிருமித் தொற்றுக்கு எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், பூஞ்சைத் தொற்றுக்கு இட்ராகொனசோல் சாப்பிட்டால் நேர்மாறு: அதிக நேரம் மயங்கிக் கிடக்கும். அதற்காக வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மிடாசோலம் தவிர வேறு என்ன இருக்கிறது?

டெக்ஸ்மெடிடோமிடின் இப்போது அதிகம் பயன்படுகிறது. விழுங்கினால் மிகக் குறைவாகவே சேரும் என்பதால் மூக்கில் துளியாகவோ தெளிப்பாகவோ கிலோவுக்கு 1 முதல் 2 மைக்ரோகிராம் கொடுப்பார்கள். மூக்கில் எரியாது, இயல்பான தூக்கம் போலவே வரும், ஆபரேஷன் முடிந்து எழும்போது வரும் ஆவேச அழுகையும் குறையும். ஆனால் 30 முதல் 45 நிமிடம் காத்திருக்க வேண்டும், இதயத் துடிப்பு குறையலாம். குளோனிடினும் அதே குடும்பம். வாயில் கொடுக்கலாம், ஒரு மணி நேரத்துக்கு மேல் பொறுக்க வேண்டும்.

கெட்டமின் வாயில் கொடுத்தால் வலியும் தணியும்; எச்சில் சுரப்பு, கண்மணி ஆட்டம், வாந்தி கூடும். பெரிய, கட்டுக்கடங்காத பிள்ளைகளுக்கு மிடாசோலத்தோடு சேர்த்துக் கொடுப்பதுண்டு.

நம் ஊரில் எக்கோ (இதய ஸ்கேன்), ஈஈஜி (மூளை அலைப் பதிவு) எடுக்கத் தரும் டிரைக்ளோபாஸ் சிரப் பலருக்கும் தெரிந்திருக்கும். தூக்கம் வரும், ஆனால் விளைவு நீண்டு நிற்பதால் அன்றே வீட்டுக்கு அனுப்பும் சின்ன ஆபரேஷனுக்கு மிடாசோலம் அளவுக்குப் பொருந்தாது. பழைய வழக்கத்தில் கொடுத்த புரோமெத்தசின் சிரப்பை 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. மூச்சு அடங்கிவிடும் ஆபத்து உண்டு.

நாங்கள் கூடவே உள்ளே வந்தால் மருந்து இல்லாமல் முடியாதா?

சிலருக்கு முடியும். எல்லா மருத்துவமனையும் அனுமதிப்பதில்லை. அமெரிக்காவில் மயக்க மருத்துவர் ஜீவ் கெய்ன் குழு 1998-இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் உடன் வந்த குழந்தைகளைவிட மிடாசோலம் குடித்த குழந்தைகள்தான் மாஸ்க் வைக்கும்போது அமைதியாக இருந்தார்கள். பெற்றோர் பதறினால் குழந்தையும் பதறும் என்பது இதில் பெரிய காரணம். உள்ளே வருவதானால் ஒன்றுக்குத் தயாராக இருங்கள்: வாயு பிடிக்கும்போது குழந்தை கை கால் உதறும், கண் மேலே செருகும், குறட்டை விடும், பிறகு துவண்டு கனக்கும். பார்க்கக் கலக்கமாக இருக்கும். ஆனால் அது வழக்கமானது. அந்த நொடியில் அழாமல் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு நர்ஸ் சொன்னதும் வெளியே வந்துவிட வேண்டும்.

செல்போனில் பிடித்த கார்ட்டூன், ஊசி போடும் இடத்தில் ஒரு மணி நேரம் முன்பே தடவும் மரத்துப்போகும் களிம்பு, முந்தின நாள் மாஸ்க்கைக் கையில் கொடுத்து விளையாட விடுவது ஆகியவை மருந்தோடு சேர்ந்தும் உதவும், தனியாகவும் உதவும்.

குழந்தையிடம் முன்பே என்ன சொல்வது?

"சும்மா போட்டோ எடுக்கப் போறோம்" என்று சொல்லிக் கூட்டி வராதீர்கள். தியேட்டர் வாசலில் அந்தப் பொய் உடையும்போது எந்த மருந்தும் சமாளிக்காது. சின்னப் பிள்ளைக்கு முந்தின நாள், ஆறு வயதுக்கு மேல் நான்கைந்து நாள் முன்பே, அதன் பாஷையில் சொல்லுங்கள்: "டாக்டர் ஒரு கசப்பு மருந்து தருவாங்க. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும். அப்புறம் ஒரு காத்து மாஸ்க். நீ முழிக்கும்போது அம்மா பக்கத்துல இருப்பேன்." கடைசி வரியைச் சொன்னால் அதைக் காப்பாற்றுங்கள். "சாப்பிடலேன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்" என்ற மிரட்டலை வீட்டில் இன்றோடு நிறுத்திவிடுங்கள். தியேட்டருக்கு வரும் பயத்தில் பாதி அங்கேதான் விதைக்கப்படுகிறது.

எழுந்த பிறகு அழுகிறதே? மருந்து பழக்கமாகிவிடாதா?

மயக்கம் தெளியும்போது சில குழந்தைகள் யாரையும் அடையாளம் தெரியாமல் கத்தும், ட்ரிப்பைப் பிடுங்கும். பெரும்பாலும் மயக்க வாயுவால் வருவது. 15, 20 நிமிடத்தில் அடங்கும், குழந்தைக்கு நினைவும் இருக்காது. இதை மிடாசோலம் உறுதியாகத் தடுக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு வேளை மருந்தால் பழக்கம் வராது. மருந்து பிடித்த பிறகு நடந்தவை பல குழந்தைகளுக்கு நினைவில் பதிவதே இல்லை. "யார் என்னைத் தூக்கிட்டுப் போனாங்க?" என்று கேட்டால் பயப்பட வேண்டாம்.

எப்போது வீட்டுக்குப் போகலாம்? என்ன கவனிக்க வேண்டும்?

கால் மணி நேர ஆபரேஷனுக்குக் கொடுத்திருந்தால் ஆபரேஷன் முடிந்த பிறகும் மருந்தின் மிச்சம் இருக்கும்; தெளியக் கூடுதல் நேரமாகும். தானாக விழித்து, உங்களைத் தெரிந்து, பிடித்துக்கொண்டு உட்கார முடிகிறதா என்று பார்த்துத்தான் அனுப்புவார்கள். வீட்டுக்குப் போகும்போது பைக்கில் நடுவில் உட்கார வைத்தோ முன்னால் நிறுத்தியோ கூட்டிப் போகாதீர்கள். கெட்டியாகப் பிடிக்கும் வலு கைக்கு இன்னும் வந்திருக்காது. ஆட்டோவோ காரோ வையுங்கள். ஓட்டுபவரைத் தவிர இன்னொருவர் பக்கத்தில் இருந்து, தூங்கும் குழந்தையின் தாடை நெஞ்சில் மடங்காமல் பார்த்துக்கொள்ளட்டும். அன்று முழுக்க மாடிப்படி, சைக்கிள், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியாக விடக் கூடாது. டாக்டரைக் கேட்காமல் சளி சிரப் எதையும் கொடுக்காதீர்கள். பலவற்றில் தூக்கம் வரவழைக்கும் மருந்து கலந்திருக்கிறது. எழுப்பினாலும் எழாமல் கிடந்தாலோ மூச்சு சத்தமாக, சிரமமாக வந்தாலோ காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள், 108-ஐ அழையுங்கள்.